மறுப்பாரில்லாத உரிமை

அரசியற் கட்சிகள் யாவும் ஒரே பக்கம் நின்று கையுயர்த்தும் காட்சி நம் நாட்டில் அரிதினும் அரிது. 2001ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் மக்களவையில் அக்காட்சி நிகழ்ந்தது. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகள் அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமையாக்கும் அரசியல் சட்டத் திருத்தம் அன்று வாக்குக்கு வந்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, இடதுசாரி, மாநிலக் கட்சி என்ற வேறுபாடின்றி அவை ஒருமனதாக அதனை நிறைவேற்றிற்று. 2002 மே மாதம் மாநிலங்களவையும் ஏற்றது. அவ்வாண்டு டிசம்பர் 12ஆம் நாள், நம் இராமேசுவரத்து மண்ணிலிருந்து சென்று குடியரசுத் தலைவராய் வீற்றிருந்த அப்துல் கலாம் அவர்களின் ஒப்புதலோடு அது அரசியல் சட்டத்தின் 86ஆவது திருத்தமாயிற்று. 21-அ என்னும் புதிய பிரிவு அதன் வழியே பிறந்தது.

இத்தகைய ஒற்றுமையைக் கண்டு மகிழாதார் யார்? எனினும் அம்மகிழ்ச்சியின் ஊடே ஒரு வினா எழுகிறது. எவரும் மறுக்காத உரிமை, மறுப்பாரை வென்று பெற்ற உரிமையினும் உறுதியானதா, மெலிந்ததா? விதண்டாவாதம் போலத் தோன்றும் இவ்வினாவை நாம் பொழுதுபோக்காக எழுப்பவில்லை. மதுரை நகரிலும் அதனைச் சூழ்ந்த மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிச் சமவெளியிலும் வளரும் பிள்ளைகளின் அன்றாட வாழ்வு இதற்குத் தரப்படும் விடையோடு பிணைந்து கிடக்கிறது.

எதிர்ப்பு வெளிப்படையாய் இருந்த காலம் ஒன்றுண்டு. 1911 மார்ச்சில் கோபால கிருஷ்ண கோகலே, ஆங்கிலேய ஆட்சியின் மத்திய சட்ட சபையில் தொடக்கக் கல்வி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். கட்டாயக் கல்வியை நாடு முழுதும் ஒரேயடியாகப் புகுத்தும்படிகூட அவர் கேட்கவில்லை. வசதியுள்ள ஊர்களில் படிப்படியாகத் தொடங்கலாம் என்றே கேட்டார். அதற்கே அரசாங்க உறுப்பினரும் பெருநிலக்கிழார்களும் திரண்டு எதிர்த்தனர். உழவர் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்குப் போய்விட்டால் வயலில் இறங்குவோர் யார் என்னும் பொருள்பட நிலக்கிழார் தரப்பு வாதிட்டது. அப்போது அச்சபையில் உறுப்பினராய் இருந்த முகம்மது அலி ஜின்னா மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1912 மார்ச்சில் 38 வாக்குகள் எதிராகவும் 13 வாக்குகள் ஆதரவாகவும் விழ, மசோதா தோற்றது. தோல்விதான், ஆயினும் அத்தோல்வியில் ஒரு தெளிவு இருந்தது. குழந்தையின் கல்விக்கு விலை உண்டு என்பதையும், அவ்விலையைக் கொடுக்க மறுப்போர் இன்னார் என்பதையும் உலகம் அறிந்துகொண்டது. கூலிக் கணக்கை அவர்கள் மறைக்கவில்லை.

முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 1948 நவம்பர் 23ஆம் நாள், அரசியல் நிர்ணய சபையில் இப்பொருள் மீண்டும் வந்தது. வரைவின் 36ஆம் பிரிவு, இலவசத் தொடக்கக் கல்வி பெற ஒவ்வொரு குடிமகனும் உரியவன் என்று தொடங்கியது. நீதிமன்றத்தால் நிறைவேற்ற வைக்க இயலாத வழிகாட்டு நெறிகளின் பகுதியில் ‘உரியவன்’ என்ற சொல் பொருந்தாது என்று லட்சுமி காந்த மைத்ரா திருத்தம் கொடுக்க, அம்பேத்கர் அதனை ஏற்றார். உரிமை அவ்விடத்தில் முயற்சியாக மாறிற்று. பத்தாண்டுக்குள் அளித்திட அரசு முயல வேண்டும் என்பதே எஞ்சியது. அதே விவாதத்தில் நசீருத்தீன் அகமது, ‘கல்வி’ என்பதைத் ‘தொடக்கக் கல்வி’ என்று குறுக்கும்படி கேட்டார். அதனை மட்டும் அம்பேத்கர் ஏற்கவில்லை. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை வேலைக்கு அமர்த்தலாகாது என்று வேறொரு பிரிவில் நாம் விதிக்கிறோம். வேலையில் இல்லாத பிள்ளை பள்ளியில் இருந்தாக வேண்டுமன்றோ என்பது அவர் கொடுத்த காரணம். வேலையும் கல்வியும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பதை அன்றே கண்ட அறிவு அது. ‘உரியவன்’ என்ற சொல்லைக் கைவிட்டபோது பெரிய சண்டை எதுவும் நிகழவில்லை என்பதையும் நாம் கருதிப் பார்க்க வேண்டும். பத்தாண்டுக் கெடு 1960 சனவரியோடு முடிந்தது. அன்று எந்த அரசும் எவர் முன்னும் பதில் சொல்ல நிற்கவில்லை.

உரிமையை மீட்டது நீதிமன்றம். 1993 பிப்ரவரியில் உன்னிகிருஷ்ணன் வழக்கில், பதினான்கு வயது நிறையும் வரை ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கல்வி பெறும் அடிப்படை உரிமை உண்டு என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறந்த குழந்தையும் அதில் அடக்கம் என்று வாதிட அத்தீர்ப்பு இடங்கொடுத்தது. அதன் பிறகே நாடாளுமன்றம் விழித்தது. 1997-இல் ஐக்கிய முன்னணி ஆட்சியில் ஒரு மசோதா வந்து முடங்கியது. 2001-இல் வாஜ்பாய் ஆட்சியில் மற்றொன்று வந்தது. யாவரும் ஒப்பிய அந்தத் திருத்தத்தை எடுத்துப் படிப்போமாயின், நீதிமன்றம் கொடுத்ததில் ஒரு பகுதி கழிந்திருப்பது புலனாகும். ஆறு வயதுக்குட்பட்டோர் உரிமையின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டு, அவர்களுக்கு மழலைப் பருவப் பேணுதலும் கல்வியும் அளிக்க அரசு முயலும் என்ற பழைய சொல் 45ஆம் பிரிவில் மீண்டும் எழுதப்பட்டது. குடிமக்களின் கடமைகளை வகுக்கும் 51-அ பிரிவில், ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பளிப்பது பெற்றோர் கடமை என்பதும் சேர்க்கப்பட்டது.

பணக்கணக்கும் உண்டு. 1999-இல் தபஸ் மஜும்தார் குழு, பள்ளிக்கு வெளியே நிற்கும் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 1,37,000 கோடி ரூபாய் கூடுதலாகத் தேவை என்று மதிப்பிட்டது. மசோதாவோடு இணைத்த நிதிக் குறிப்போ ஆண்டுக்கு 9,800 கோடி என்று கண்டது. பத்தாண்டுக்கு 98,000 கோடி. வயதிலும் குறைத்து, பணத்திலும் குறைத்து வரைந்த வாசகத்துக்கு வாக்களிக்க எவருக்குத்தான் தயக்கம் வரும்?

பிறகு நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. 21-அ பிரிவு உடனே நடைமுறைக்கு வரவில்லை. அரசு அறிவிக்கும் நாளில் வரும் என்று திருத்தத்திலேயே எழுதியிருந்தார்கள். அதற்கான கல்வி உரிமைச் சட்டம் 2009 ஆகஸ்டில்தான் நிறைவேறியது. 2010 ஏப்ரல் முதல் நாள் சட்டமும் பிரிவும் ஒருசேர உயிர்பெற்றன. குடியரசுத் தலைவர் ஒப்பமிட்ட நாளில் ஏழு வயது நிரம்பியிருந்த ஒரு சிறுமிக்கு அன்று பதினான்கு வயது கடந்துவிட்டது. அவளுக்கென்று நாடே ஒருமனதாக எழுதிக்கொடுத்த உரிமை, அவள் அதற்குத் தகுதியிழந்த பின்னரே வந்து சேர்ந்தது. இடையில் ஆட்சி ஒருமுறை மாறிற்று. ஒருமனதாக வாக்களித்த இரு தரப்பாரும் மாறி மாறி ஆண்டனர். ஆகவே ஒருவரை ஒருவர் பெரிதாகக் குற்றஞ்சாட்டிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று.

கடல் கடந்து அயர்லாந்து நாட்டைச் சற்றே நோக்குவோம். அங்கே அரசியல் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்தின் வாக்கு மட்டும் போதாது. பொது வாக்கெடுப்பில் மக்களும் இசைய வேண்டும். குழந்தைகளின் உரிமையைத் தனிப்பிரிவாகச் சேர்க்கும் திருத்தம் 2012 நவம்பர் 10ஆம் நாள் மக்கள் முன் வைக்கப்பட்டது. நாடாளுமன்றக் கட்சிகள் அனைத்தும் ஆதரித்தன. ஆயினும் வாக்களிக்க வந்தோர் மூவரில் ஒருவரே. வந்தவர்களிலும் நூற்றுக்கு 58 பேர் ஆம் என்றனர். 42 பேர் இல்லை என்றனர். வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பொதுப் பணத்தில் அரசு வெளியிட்ட விளக்கப் பிரசுரம் நடுநிலை தவறியது என்று கண்டித்ததும் உண்டு. பின்னர் வழக்குகள் தொடர்ந்து, 2015 ஏப்ரலில்தான் திருத்தம் கையொப்பம் பெற்றது.

கட்சிகளுக்குள் இல்லாத மறுப்பு மக்களுக்குள் இருந்தது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. அந்நாட்டின் 1937ஆம் ஆண்டு அரசியல் சட்டம் குடும்பத்துக்கு மிக உயர்ந்த இடம் கொடுத்திருந்தது. குழந்தையின் பெயரால் அரசு வீட்டு வாசலுக்குள் நுழைந்துவிடுமோ என்ற அச்சம் பலருக்கு இருந்தது. அவ்வச்சம் முற்றிலும் நியாயமானது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது ஒரு மெய்யான எதிர்வாதம். குழந்தைக்கு உரிமை கொடுத்தால் வேறு யாரோ ஒருவர் தம் அதிகாரத்தில் சிறிதை இழந்தே ஆக வேண்டும் என்பதை அது நினைவூட்டிற்று. தந்தையோ, முதலாளியோ, அரசோ, பள்ளி நிர்வாகமோ, யாரேனும் ஒருவர் இழந்தாக வேண்டும். எவரும் எதையும் இழக்காமல் வழங்கப்படும் உரிமை வெறும் வாழ்த்துரையாகி நின்றுவிடுகிறது.

மற்ற உரிமைகளுக்கும் குழந்தையின் உரிமைக்கும் ஒரு பெரு வேறுபாடு உண்டு. தொழிலாளிக்கு உரிமை மறுத்தால் அவன் வேலை நிறுத்தம் செய்கிறான். பெண்ணுக்கு மறுத்தால் அவள் நீதிமன்றம் ஏறுகிறாள். குழந்தைக்குச் சங்கமும் இல்லை, வாக்குச் சீட்டும் இல்லை. தனக்கு ஒன்று மறுக்கப்பட்டது என்பதை அறியும் பருவம் வருவதற்குள் அவ்வுரிமையின் காலமே கழிந்துவிடுகிறது. ஆகவே குழந்தையின் உரிமை என்பது எப்போதும் மற்றொருவர் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானத்தாகவே இருக்கிறது.

அமானத்தைப் பற்றி மார்க்கம் நமக்குக் கற்பித்திருப்பது சிறிதன்று. யதீம்களின் பொருள் குறித்து அருள்மறை அன்னிஸா அத்தியாயத்தின் தொடக்கத்தில் விதித்துள்ளவற்றை எண்ணிப் பாருங்கள். அனாதைகள் வளர்ந்து கேட்டுவிடுவார்களே என்று அவசர அவசரமாக அவர்கள் பொருளை உண்டுவிடாதீர் என்கிறது. பக்குவம் வந்ததும் ஒப்படையுங்கள் என்கிறது. ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. காப்பாளர் நல்லவரா தீயவரா என்று அங்கே பிரித்துப் பேசப்படவில்லை. நல்ல சிற்றப்பனுக்கும் சாட்சி வேண்டும். நல்லெண்ணம் உடையவர் தாமே, கணக்குக் கேட்பானேன் என்ற உபசாரத்துக்கு அங்கே இடமில்லை.

வாரிசுச் சட்டத்திலும் இதனையே காண்கிறோம். தந்தை இறக்கும்போது தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் பங்கு உண்டு. அது பிறக்கும் வரை அப்பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் வகுத்துள்ளன. இன்னும் முகம் காட்டாத ஓர் உயிருக்காக வளர்ந்த மக்கள் தம் கையைச் சுருக்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள். உரிமைக்கு விலை கொடுப்பவர் இன்னார், எவ்வளவு என்பது அங்கே எண்ணிக்கையாகவே தெரிகிறது.

இன்னும் ஆழமான ஒன்று 81ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம், எந்தக் குற்றத்துக்காக நீ கொல்லப்பட்டாய் என்று மறுமையில் கேட்கப்படும் காட்சி அது. வினா தந்தையை நோக்கி எழவில்லை; குழந்தையை நோக்கி எழுகிறது. பேசத் தெரியாத வயதில் மண்ணுக்குள் போனவளுக்கு அன்று பேச இடம் கிடைக்கிறது. அறியாமைக் கால அரபு நாட்டுச் செய்தி என்று இதனை நாம் ஒதுக்கிவிட முடியாது. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கள் கள்ளிப்பால் ஊட்டிக் கொல்லப்படும் செய்தி 1986-இல் நாடெங்கும் ஏடுகளில் வந்து உலுக்கியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கினார். 2001-இல் அது மதுரைக்கும் நீண்டது. பெண் சிசுக்கொலையை ஆதரிக்கும் கட்சி ஒன்றுகூட அன்றும் இல்லை, அதற்கு முன்பும் இல்லை. எல்லாக் கட்சியும் அதனைக் கண்டித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அது நடந்துகொண்டிருந்தது.

கட்சிகளின் ஒற்றுமையை நாம் வெறுக்கிறோம் என்று எவரும் கொள்ள வேண்டா. ஒற்றுமை ஏற்பட்ட இடத்தில் சாட்சி மறைந்துபோகிறார் என்பதே நம் கவலை. மக்களாட்சியில் எதிர்க்கட்சி என்பது ஆள்வோர் மீது வைக்கப்பட்ட சாட்சி. இருவரும் ஒரே வாசகத்தில் ஒப்பமிட்டபின், அவ்வாசகம் நிறைவேறாதபோது குரல் எழுப்ப இருவருக்குமே நா எழுவதில்லை.

தமிழகத்துப் பட்டறிவு ஒன்று இதற்கு உரைகல்லாக அமையும். 1953-இல் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகள் அரை நாள் பள்ளியில் பயின்று மீதி நேரம் பெற்றோர் தொழிலைக் கற்கலாம் என்றிருந்தது. குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயரிட்டுப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் போர் தொடுத்தனர். காங்கிரசுக்குள்ளேயே பிளவு ஏற்பட்டது. 1954-இல் இராஜாஜி பதவி விலக, காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது. இராஜாஜியின் உள்நோக்கத்தைப் பற்றிய வழக்கு இன்றும் தீரவில்லை. அதனை வரலாற்று அறிஞர்களிடம் விட்டுவிடுவோம். உழவன் பிள்ளையின் அரை நாளைக் காப்பாற்றியது கடுமையான ஒரு கட்சிச் சண்டை என்பதே நமக்கு இங்கு வேண்டும்.

அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2016 சூலையில், குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று அது முழுத் தடை விதித்தது, பாராட்டத் தக்கதே. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவி செய்யலாம் என்ற விலக்கும் அதே சட்டத்தில் உண்டு. மல்லிகைத் தோட்டங்கள் நிறைந்த நம் வட்டாரத்தில் அதன் பொருள் என்ன? மல்லிகை மொட்டை விரிவதற்கு முன், வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும். பள்ளி நேரத்துக்கு அது முந்தியது. விடியலில் குனிந்து மொட்டெடுத்த சிறுவன் பத்து மணிப் பாடத்தில் உறங்கினால் அவ்வுறக்கம் எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படாது. குடும்பத் தொழில் என்ற பெயரில் ஒப்பந்தக்காரர் கொடுத்த வேலை வீட்டுத் திண்ணையில் நடந்தாலும் அப்படியே. 1953-இல் எழுந்த புயலின் ஒரு வீச்சுகூட 2016-இல் தமிழகத்தில் வீசவில்லை. அம்பேத்கர் கட்டிக் கொடுத்த கயிற்றின் ஒரு முனை அவிழ்ந்ததை நாம் பெரும்பாலும் கவனிக்கவே இல்லை.

உணவின் கதையோ வேறு. 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சியின் தியாகராயர் தொடங்கிய மதிய உணவை, 1956-இல் காமராசர் எட்டயபுரத்திலிருந்து மாநிலம் தழுவச் செய்தார். 1982 சூலை முதல் நாள் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவாக அதனை விரித்தபோது, வீண் செலவு என்றும் வாக்கு வாங்கும் தந்திரம் என்றும் பழித்தோர் பலர். 1989-இல் கலைஞர் ஆட்சி முட்டை சேர்த்தது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள், அன்றைய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தை நம் மதுரையிலேயே, ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளோடு அமர்ந்து தொடங்கிவைத்தார். முதலில் 1,545 அரசுப் பள்ளிகளில் தொடங்கிய அது பின்னர் உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது.

இந்நூறாண்டில் கட்சிகள் ஒன்றையொன்று பாராட்டிக்கொண்டதாக நாம் அறியோம். திட்டம் யாருடையது, பெயர் யாருடையது என்று ஓயாது சண்டையிட்டனர்; இன்றும் மேடைதோறும் அச்சண்டை நடக்கிறது. நாகரிகக் குறைவு என்று படித்தவர்கள் முகம் சுளிப்பதுண்டு. சுளிக்கட்டும். முந்தையவன் சோறு போட்டால் நான் முட்டை போடுவேன் என்ற அந்தப் போட்டியில், முட்டை அழுகியிருந்தால் மறுநாளே எதிர்க்கட்சி ஏட்டில் வந்துவிடும். சாட்சி அங்கே உயிரோடு இருந்தார். தட்டில் சோறு விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

அதே தமிழகத்தில் 2025-இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் தம் நுழைவு வகுப்பில் கால் பங்கு இடங்களை நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். கட்டணத்தை அரசு ஈடு செய்யும். தேசியக் கல்விக் கொள்கை தொடர்பான பிணக்கில் ஒன்றிய அரசு தமிழகத்துக்கான கல்வி நிதியை நிறுத்தி வைத்தது. பணம் வரவில்லை என்று மாநில அரசு சேர்க்கையைத் தொடங்காதிருந்தது. அவ்வாண்டு சூனில் சென்னை உயர் நீதிமன்றம், இச்சட்டத்துக்கான நிதியை வேறு பிணக்கோடு முடிச்சிட வேண்டியதில்லை என்று எடுத்துரைத்தது. சேர்க்கை தொடங்கியதோ அக்டோபரில். பள்ளிகள் சூனில் திறந்துவிட்டன. இருவரில் எவரும் குழந்தையின் உரிமையை மறுக்கவில்லை. இருவரும் அதன் காவலர் என்றே பேசினர். இரு காப்பாளர் வழக்காடிய நான்கு மாதத்தில், கட்டணம் கட்ட வழியில்லாத பெற்றோரின் பிள்ளைகள் காத்திருந்தனர்.

இவ்வளவும் அரசைப் பற்றிச் சொன்னோம். நம்மைப் பற்றியும் சொல்லாவிடில் நடுவு நிலைமை ஆகாது.

கல்வி உரிமைச் சட்டம் வந்தபோது நம் மதரஸாக்கள் மூடப்படுமோ என்ற அச்சம் சமுதாயத்தில் பரவியது. 2012-இல் சட்டம் திருத்தப்பட்டு, மதரஸாக்களும் வேத பாடசாலைகளும் அதன் எல்லையிலிருந்து நீக்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் செல்லாது என்றது. 2014 மே மாதம் ஐந்து நீதிபதிகளின் அமர்வு, உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளையும் சேர்த்து விலக்கியது. அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு நமக்களித்த உரிமையை அது காக்கிறது. அவ்வுரிமையின் அருமையை நாம் குறைத்து எண்ணுபவர் அல்லோம். நம் முன்னோர் தம் பொருளை வக்ஃபு செய்து நிறுவிய பள்ளிகளும் கல்லூரிகளும் இல்லையேல் இன்று எழுதவும் படிக்கவும் நம்மில் எத்துணைப் பேர் இருந்திருப்போம்?

எனினும் பள்ளியின் உரிமையும் பள்ளிக்குள் இருக்கும் குழந்தையின் உரிமையும் ஒன்றாகிவிடா. அச்சட்டம் கால் பங்கு இடம் மட்டும் பேசவில்லை. சேர்க்கையின்போது பிள்ளையையும் பெற்றோரையும் தேர்வு வைத்து வடிகட்டலாகாது என்கிறது. நன்கொடை பெறலாகாது என்கிறது. பிள்ளையை அடிக்கலாகாது, மனம் நோகச் செய்யலாகாது என்கிறது. விலக்குக் கிடைத்தபோது இச்சட்டத்தின் இக்காப்புகளும் சேர்ந்தே விலகின. வேறு விதிகள் சிலவற்றுக்குக் காவலாய் இருக்கலாம். இருந்தாலும், நம் நிறுவனத்துக்கு வெற்றி என்று கொண்டாடிய நாளில் இவற்றை யார் எண்ணினார்? அவ்விலக்குகளை எதிர்த்து நம் சமுதாயத்துக்குள் எழுந்த குரலை நாம் அதிகம் கேட்டதில்லை. அங்கும் ஒருமித்த கருத்தே. நெல்பேட்டையிலோ கோரிப்பாளையத்திலோ கூலி வேலை செய்யும் ஒரு தகப்பனார், நம்மவர் நடத்தும் ஆங்கில வழிப் பள்ளி ஒன்றின் வாசலில் கட்டணம் கேட்டுத் திகைத்து நிற்பாராயின், அவருக்கு அந்த 30ஆம் பிரிவால் விளையும் நன்மை யாது? அவர் பிள்ளையும் சிறுபான்மையோரில் ஒருவர்தாமே.

2025 செப்டம்பர் முதல் நாள் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், 2014-இன் தீர்ப்பு சரியானதா என்று ஐயுற்று, அதனைப் பெரிய அமர்வின் ஆய்வுக்கு அனுப்புமாறு தலைமை நீதிபதியிடம் வைத்தனர். நம் நிறுவனங்கள் வழக்கறிஞரை நாடுவது இயல்பே, நாடட்டும். ஆனால் தீர்ப்பு எப்பக்கம் வரினும், நலிந்தோர் பிள்ளைகளுக்குத் தாமாகவே இடம் கொடுக்க எந்தப் பிரிவும் நம் பள்ளிகளைத் தடுக்கவில்லை. நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். அத்தீர்மானம் ஒருமனதாக நிறைவேறுவதினும், எத்தனை இடம், யார் செலவு என்று இரு தரப்பாரும் சிறிது வாதிட்டு நிறைவேறுமாயின் நமக்கு நம்பிக்கை மிகும்.

மதுரை ஜமாஅத்துகளுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு ஜமாஅத்தும் நிக்காஹ் தஃப்தர் வைத்திருக்கிறது. சந்தா வரவுக்கும் கணக்கு வைத்திருக்கிறது. மஹல்லாவில் ஐந்து வயது முதல் பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளின் பெயர்க் குறிப்பு ஒன்றையும் அவற்றோடு வைக்கலாம். பதினான்கோடு நிறுத்தாமல் பதினெட்டு என்று நாம் கூறுவதற்குக் காரணமுண்டு. பதினான்கு நிறைந்த மறுநாள் 21-அ பிரிவு பிள்ளையின் கையை விட்டுவிடுகிறது. நம் பையன்களில் பலர் பட்டறைக்கும் கறிக்கடைக்கும் துணிக்கடைக்கும் போகும் வயதும், பெண்பிள்ளைகள் பலர் வீட்டில் நிறுத்தப்படும் வயதும் அதுவே. ஆண்டுதோறும் சூன் மாதம் பள்ளி திறந்தபின் அக்குறிப்பைப் பொதுக்குழுவில், வரவு செலவு வாசிக்கும்போதே சேர்த்து வாசிக்க வேண்டும். யார் வீட்டுப் பிள்ளை என்று பெயர் சொல்லி அவமதிக்க வேண்டா, எண்ணிக்கை போதும். சென்ற ஆண்டு எத்தனை, இவ்வாண்டு எத்தனை என்று கேட்பதற்கு, நிர்வாகத்தில் இல்லாத ஒருவரைப் பொதுக்குழுவே முன்கூட்டித் தேர்ந்து வைக்கட்டும். அவர் எழுந்து கேட்கும்போது தலைவரும் செயலாளரும் சினம் கொள்ளாதிருக்க வேண்டும்.